கழுத்தைத் திருப்பினால் தெரியும் சயனைடு மேடு

கோலார் தங்கவயலை வானிலிருந்து அடையாளம் காண விரும்பும் விமானி முதலில் தேடுவது, பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கல்மாவு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் குவிந்து உருவான, ஊரார் சயனைடு மேடு என்றழைக்கும் வெளிறிய குன்றுகளைத்தான். பெங்களூரு ஜக்கூரிலுள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஓடுபாதையிலிருந்து இவ்வூர் நேர்க்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர் கிழக்கே இருப்பதால், செஸ்னா 172 போன்ற சிறு விமானம் அரைமணிக்குள் வந்து சேர்ந்துவிடும். (மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இவ்வூரைக் கடப்பவர்கூட, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தொழிலாளர் இறங்கிய 3,200 மீட்டர் ஆழத்தைவிடக் குறைந்த தொலைவே தரையை விட்டு விலகியிருக்கிறார்.) செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை வரையும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் வெளிவந்தபின், இப்பயணத்தை இவ்வூரின் ராபர்ட்சன்பேட்டைப் பகுதியிலுள்ள ஒரு வீட்டு மேசையிலிருந்தே மேற்கொள்ள முடிகிறது. ஆயினும் மேட்டைச் சுற்றி வட்டமிட விமானத்தைச் சாய்த்ததும், மேடு இடப்பக்கம் போய்த் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது.

65 சென்டிமீட்டர் தொலைவில் வைக்கப்பட்ட 24 அங்குலத் திரை கண்முன் நிரப்பும் கோணம் ஏறக்குறைய 45 பாகைதான். மனிதனின் இரு கண்களும் சேர்ந்து காண்பதோ 180 பாகைக்கும் மேல். ஜாய்ஸ்டிக்கின் உச்சியிலுள்ள சிறு பொத்தானால் பார்வையைத் திருப்பலாம் என்றாலும், விமானத்தை நிதானமாகச் சாய்க்க வேண்டிய அதே கைக்கு அது இன்னொரு வேலையாகிவிடுகிறது.

இதற்கு விடையாக வந்ததே தலையசைவைக் கேமராவால் பின்தொடரும் முறை. நேச்சுரல்பாயிண்ட் நிறுவனத்தின் ட்ராக்ஐஆர் கருவி, தொப்பியில் செருகிய ஒளிப்புள்ளிகளை அகச்சிவப்புக் கேமராவால் கவனிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ட்ராக், ஏஐட்ராக் போன்ற மென்பொருள்களுக்கு மடிக்கணினியிலுள்ள சாதாரண வெப்கேமே போதும். பல்லாயிரம் முகப்படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட ஏஐட்ராக், ஒவ்வொரு படத்திலும் கண்ணோரம், மூக்கு நுனி, உதட்டோரம், தாடை ஆகிய புள்ளிகளைக் கண்டுபிடித்து, ஒரு முப்பரிமாண முகமாதிரி எந்தக் கோணத்தில், எவ்வளவு தொலைவில் இருந்தால் அதே புள்ளிகள் அதே இடங்களில் விழும் என்று கணக்கிடுகிறது. விடையாகக் கிடைப்பவை ஆறு எண்கள்: பக்கவாட்டில் திரும்புதல், நிமிர்தலும் குனிதலும், தோள்பக்கம் சாய்தல் ஆகிய மூன்று சுழற்சிகளும், இடவலமாக, மேல்கீழாக, முன்பின்னாக நகரும் மூன்று இடப்பெயர்ச்சிகளும்.

இங்கே உண்மை விமானத்தில் இல்லாத ஒரு முரண் எழுகிறது. தலையை 90 பாகை திருப்பினால் திரையே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தலை 30 பாகை திரும்பும்போதே காட்சி 130, 140 பாகை திரும்பும்படி பெருக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, கண்களோ திரையை விட்டு விலகாமல் எதிர்ப்பக்கம் சுழன்று நிற்கின்றன. ஒரே விகிதத்தில் பெருக்கினால் மூச்சு விடும் அசைவுக்கே காட்சி ஆடும் என்பதால், நேர்ப்பார்வையைச் சுற்றிச் சில பாகைகள் அசைவற்ற பகுதியாகவும் அதற்கப்பால் படிப்படியாகச் செங்குத்தாகவும் அமையும் வளைகோடு ஒன்றை ஓப்பன்ட்ராக்கில் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே வரையலாம். திரையின் அளவும் இருக்கையின் தொலைவும் வீட்டுக்கு வீடு மாறுவதால், பிறர் வரைந்த வளைகோட்டை அப்படியே எடுத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. தோள்பக்கச் சாய்வை நிறுத்திவைத்தாலும் இழப்பு குறைவு; ஆனால் முன்னால் குனிந்து உயரமானியைப் படிக்க உதவும் முன்பின் நகர்வை விட்டுவிடக் கூடாது.

எண்களின் நடுக்கத்தை அடக்கும் வடிகட்டியைக் கூட்டினால் காட்சி தாமதமாகத் திரும்பும், குறைத்தால் நடுங்கும். மங்கிய வெளிச்சத்தில் வெப்கேம் ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் ஒளி சேகரிப்பதால் படங்கள் குறைந்து கலங்குகின்றன. முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் கருத்துப்போகிறது. எனவே புதிய கேமரா வாங்குமுன் முகத்துக்கு எதிரே ஒரு மேசைவிளக்கை வைத்துப் பார்ப்பதே நியாயமான செலவு.

அமைப்பு சரியா என்று சோதிக்க, ஜக்கூருக்குத் திரும்பி இறங்குவதே தக்க வழி. ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்ட் என்னும் கட்டத்தில், இறங்கவேண்டிய முனை தோளுக்குப் பின்னால் 45 பாகையில், அதாவது மூக்கிலிருந்து 135 பாகையில் தெரியும்போது விமானத்தைத் திருப்புவது வழக்கம். அந்த முனை திரைக்கு வராவிட்டால், வளைகோட்டின் கடைசிப் பகுதியை இன்னும் உயர்த்த வேண்டும்.