கருத்துக் கேட்புக் கூட்டத்துல பேசப் போறீங்களா? வீடியோகிராபர்கிட்ட முதல்ல இதையெல்லாம் கேளுங்க!

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் வீடியோகிராபருக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். ஆனால், ஊரின் பிழைப்பைப் பற்றி ஒருவர் மைக் பிடித்துப் பேசும்போது மட்டும், 'செல்போன்ல எடுத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கர் அளவுக்கு விரிவாக்கும் திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், 2021 ஜனவரி 22 அன்று நடப்பதாக இருந்து தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட கூட்டத்தில் கிடைக்கும் சில நிமிடங்களில் சொல்வதுதான் பதிவாகும்.

அரசே வீடியோ எடுக்குமே, நமக்கு எதுக்கு?

உண்மைதான். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டம் முழுவதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடியோ எடுக்க வேண்டும். ஆனால், அந்தப் பிரதி கோப்போடு மேலே போய்விடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. உங்கள் வீடியோ அன்று மாலையே உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, எழுதப்படும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஒரு சுருக்கம்தான். யார், எந்த நாளில், ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' பற்றி நீங்கள் பத்து நிமிடம் விளக்கலாம். வெளியூர்க்காரர் அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். முழுப் பேச்சும் கையில் இருந்தால், 'நான் சொன்னது இது' என்று காட்ட முடியும்.

முதலில் சத்தம், அப்புறம்தான் படம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சமாளிக்கலாம். பேச்சு கேட்கவில்லை என்றால் வீடியோவே வீண். ஏரிக்காற்று மைக்கில் அடித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒயர் எடுத்துப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். கூடவே, பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டர் ஒன்று ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். கரன்ட் போனாலும் அது நிற்காது.

நடுவுல நிக்காம ஓடணும்

ஸ்டில் கேமராக்களில் பல, 29 நிமிடம் 59 விநாடியில் ரெக்கார்டிங்கைத் தானாக நிறுத்திவிடும். 'உங்க கேமரா எவ்வளவு நேரம் ஓடும்?' என்று கட்டாயம் கேளுங்கள். ஃபுல் ஹெச்டி-யில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 11 ஜிபி ஆகும். ஐந்து மணி நேரக் கூட்டத்துக்கு 55 ஜிபி. எனவே கூடுதல் மெமரி கார்டு, பேட்டரி அவசியம். பேசுபவருக்கு ஒரு கேமரா, மேடையில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒன்று என்று வைத்தால், கேள்வியும் பதிலும் சேர்ந்தே பதிவாகும்.

கூட்டம் கலையும் நேரத்தில் கேமராவைப் பையில் வைக்க விட்டுவிடாதீர்கள். நடவடிக்கைச் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. அதுவும் பதிவாகணும்.

எடிட்டிங் வேண்டாம், ஒரிஜினல் வேணும்

பாட்டு, ஸ்லோமோஷன் எல்லாம் கல்யாண ஆல்பத்தோடு இருக்கட்டும். வெட்டாத ஒரிஜினல் ஃபைலை அன்றே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும்.

நாளை வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, டிஜிட்டல் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும். அதில் ஃபைலின் 'ஹாஷ்' எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எந்தக் கேமரா, யார் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று வீடியோகிராபரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

வீடியோ யாருக்குச் சொந்தம்?

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. இருந்தாலும், 'எங்களைக் கேட்காமல் யாருக்கும் தரக் கூடாது' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. கூட்டம் இழுத்தால் கூடுதல் மணிநேரத்துக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

செலவை ஊர்ப் பொதுப்பணத்தில் போட்டால் வீடியோவும் ஊருக்கே சொந்தம். ஒரு டிஸ்க் ஊர்த் தலைவரிடம், இன்னொன்று வேறொரு குப்பத்தில் இருக்கட்டும்.