உழவு இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுதல்: காரணத்தைக் கண்டறியும் முறை

காலபோகத்து மழை தொடங்கியபின் நிலத்தை உழுது முடிப்பதற்குக் கமக்காரருக்குக் கிடைக்கும் நாள்கள் சிலவே. அந்நாள்களில் உழவு இயந்திரம் வயல் நடுவே கொதித்து நின்றுவிடின், திருத்தச் செலவு மட்டுமன்றி, விதைப்புக்குரிய காலமும் கைவிட்டுப் போகும். 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த மசி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரங்கள் பல இன்றும் வயல்களில் உழைத்து வருகின்றன. அவற்றிற்கு நேரும் கோளாறுகளுள் அடிக்கடி காணப்படுவது எஞ்சின் மிகச் சூடேறுதலாகும். இக்கோளாற்றின் காரணத்தை முறைப்படி தேடினால் பெரும்பாலும் கமக்காரர் தாமே கண்டுபிடிக்கலாம்.

சூடடிப்புக் காலமொன்றில் ஒரு கமக்காரர் தமது இயந்திரம் நாள்தோறும் நண்பகலுக்கு முன்னரே கொதிப்பதாக என்னிடம் கூறினார். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டுமென்று ஒருவர் சொன்னதை நம்பி, களத்திற் கிடந்த நெல்லில் ஒரு பகுதியை விற்கவும் அவர் ஆயத்தமாயிருந்தார். முன்மூடியைத் திறந்து பார்த்தபோது, றேடியேற்றரின் முகம் முழுவதும் வைக்கோற் தூசியும் சப்பியும் கம்பளம் போற் படிந்திருந்தன. சில வாளி தண்ணீரும் ஒரு தூரிகையுமே அன்று தேவைப்பட்டன. செலவில்லாச் சோதனையை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் செய்ய வேண்டுமென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1. வெப்பம் எவ்வாறு வெளியேறுகிறது?

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் போகிறது. எஞ்சிய பங்கின் பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்தோடும் தண்ணீரே அகற்ற வேண்டும். தண்ணீர்ப் பம்பு இத்தண்ணீரைச் சுற்றி ஓடச் செய்கிறது. றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் அது இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்று அதனைக் குளிர்விக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் றேடியேற்றருக்குச் செல்லாதவாறு தெர்மோஸ்ரற் என்னும் சிறு வாயில் தடுத்து, உரிய வெப்பநிலை வந்ததும் திறந்துவிடுகிறது. றேடியேற்றர் மூடி உள்ளே அமுக்கத்தைக் காத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அமுக்கமுள்ள மூடியின் கீழ்த் தண்ணீர் 100 பாகை செல்சியசிற் கொதியாது. ஏறக்குறைய 111 பாகையிலேயே கொதிக்கும்.

ஆகவே, மிகையான சூட்டிற்குக் காரணங்கள் நான்கே: தண்ணீர் போதாமை, தண்ணீர் ஓடாமை, காற்று ஓடாமை, எஞ்சின் வழமைக்கு மேலாக வெப்பத்தை உண்டாக்குதல்.

2. கொதித்தவுடன் செய்ய வேண்டியவை

கலப்பையை உயர்த்திச் சுமையை உடனே நீக்க வேண்டும். தண்ணீர் முற்றாக வெளியேறாதிருப்பின், எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடலாம். பம்பும் விசிறியும் வெப்பத்தை அகற்றும். தண்ணீர் பீறி வெளியேறினாலும், விசிறிப் பெல்ற் அறுந்திருந்தாலும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

சூடான றேடியேற்றரின் மூடியை எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. மூடி அகன்றதும் அமுக்கம் நீங்க, கொதிநிலைக்கு மேலான தண்ணீர் முழுவதும் நுரைத்துப் பாய்ந்து முகத்தையும் கைகளையும் வேகச் செய்யும். குறைந்தது அரை மணி நேரம் பொறுத்து, மேற்குழாயைக் கையாற் பிடிக்கக்கூடிய அளவு ஆறியபின், தடித்த சாக்கினால் மூடியைப் பொத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, முதற் தடை வரை மட்டும் திருப்ப வேண்டும். ஆவி முழுவதும் போனபின்னரே மூடியை எடுக்கலாம்.

கொதித்த எஞ்சினுள் கிணற்று நீரை ஊற்றுதல் பெருந் தவறு. சூடான வார்ப்பிரும்பு சடுதியாகக் குளிர்ந்தால் வெடிக்கும். வெடித்த சிலிண்டர் ஹெட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது.

3. எப்பொழுது சூடேறுகிறதென அவதானித்தல்

காலையிற் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சூடேறின், தண்ணீர்க் குறைவு, திறவாத தெர்மோஸ்ரற், பழுதான ஹெட் கஸ்கற் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஆழ உழும்போது மட்டும் மெல்ல மெல்லச் சூடேறின், றேடியேற்றர் அடைப்பு, தளர்ந்த பெல்ற், மிகைச் சுமை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். களத்தில் ஒரே இடத்தில் நின்று சூடடிக்கும்போது மட்டும் கொதிப்பின், காற்றோட்டமே பெரும்பாலும் தடைப்பட்டிருக்கும்.

வெப்பமானியை மட்டும் நம்புதலுங் கூடாது. பழைய வெப்பமானிகள் பிழை காட்டுவதுண்டு. மேலும், தண்ணீர் குறைந்து அதன் உணர்முனை வெறுமையில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும்.

4. வரிசைப்படி சோதித்தல்

(அ) தண்ணீர் மட்டம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் பார்க்க வேண்டும். தண்ணீர் நாள்தோறும் குறையின், குழாய் இணைப்புகள், பம்பு, றேடியேற்றரின் அடிப்பாகம் ஆகியவற்றிற் கசிவைத் தேட வேண்டும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையாற் தண்ணீர் சொட்டுமாயின், அதன் உட்சீல் தேய்ந்துவிட்டது. சொட்டுவதை நிறுத்த அத்துளையை அடைத்தல் கூடாது.

(ஆ) றேடியேற்றரின் வெளிப்புறம். காற்று முன்னிருந்து பின்னாக இழுக்கப்படுவதால், குப்பை முன்முகத்திற் படியும். எனவே எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். முன்னிருந்து பாய்ச்சினால் குப்பை மேலும் உள்ளே இறுகும். சூடடிப்புக் காலத்தில் இதனை நாளுக்கொரு முறையாவது செய்தல் நன்று.

(இ) விசிறிப் பெல்ற். எஞ்சினை நிறுத்தி, இரு கப்பிகளுக்கிடையே நீண்டு செல்லும் பகுதியைப் பெருவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் பெல்ற் வழுக்கும். தாழாவிடின் பம்பின் பெயாரிங் தேயும். எண்ணெய் படிந்து பளபளக்கும் பெல்ற்றை மாற்ற வேண்டும்.

(ஈ) இறப்பர்க் குழாய்கள். எஞ்சின் விரைந்து ஓடும்போது கீழ்க்குழாய் உட்சுருங்கி ஒட்டுகின்றதா எனப் பார்க்க வேண்டும். வேகம் குறைந்ததும் அது விரிந்துவிடுமாதலால், நிறுத்திய எஞ்சினில் இக்குறை தென்படாது. மூடியின் இறப்பர் வளையமும் வில்லும் நன்னிலையில் உள்ளனவா எனவும் பார்க்க வேண்டும்.

(உ) தெர்மோஸ்ரற். இதனைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாதவாறு நூலிற் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்க வேண்டும். அதன்மீது பொறித்துள்ள வெப்பநிலையின் அண்மையில் அது திறக்கத் தொடங்க வேண்டும். கொதிநீரிலும் திறவாதது பயனற்றது. தெர்மோஸ்ரற்றை எறிந்துவிட்டு எஞ்சினை ஓட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. அது நன்றன்று. குளிர்ந்து ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத டீசல் எண்ணெயுடன் கலந்து தேய்மானத்தை விரைவுபடுத்தும். சில எஞ்சின்களில், தெர்மோஸ்ரற் இல்லாவிடின் தண்ணீர் றேடியேற்றரை அடையாது குறுக்கு வழியாற் திரும்பிச் சூட்டைக் கூட்டவுஞ் செய்யும்.

(ஊ) றேடியேற்றரின் உட்புறம். எஞ்சின் நன்கு சூடேறியபின் அதனை நிறுத்தி, விசிறி நின்ற பின்னர், றேடியேற்றரின் முகத்திற்கு அருகே கையைக் கொண்டு சென்று பார்க்க வேண்டும். சுற்றிலும் சூடாயிருக்க ஓரிடம் மட்டும் குளிர்ந்திருப்பின், அவ்விடத்துக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

(எ) ஹெட் கஸ்கற். மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் சூடு தணியாவிடின் இதனைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் விசிறிப் பெல்ற்றைக் கழற்றி, றேடியேற்றரை வாய் வரை நிரப்பி, மூடியின்றி எஞ்சினை ஒரு நிமிடத்திற்கு மேற்படாமல் ஓட்ட வேண்டும். பம்பு சுழலாதிருந்தும் குமிழிகள் இடைவிடாது எழுமாயின், எரிவாயு தண்ணீருட் புகுகின்றது. எண்ணெய் பாற்கோப்பி நிறமடைதல், வெளியிற் கசிவின்றித் தண்ணீர் குறைதல், எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை ஓயாதிருத்தல் ஆகியனவும் இக்குறையின் அடையாளங்கள். இந்நிலையில் இயந்திரத்தை மேலும் ஓட்டாது, தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஹெட்டின் முகம் வளைந்துள்ளதா என அளந்து பாராமற் புதிய கஸ்கற்றை மட்டும் இடுவது வீண் செலவாகும்.

5. தண்ணீர்ச் சுற்றுக்குப் புறம்பான காரணங்கள்

அடைபட்ட காற்று வடி, தவறிய டீசல் தெளிப்பு நேரம், குறைந்த எண்ணெய் மட்டம், இறுகிப் பிடிக்கும் பிறேக், சேற்று நிலத்திற் பொருந்தாத கியரில் இழுத்தல் ஆகியனவும் சூட்டைக் கூட்டும். கரும்புகை தொடர்ந்து வெளிவருமாயின், முதலிற் காற்று வடியையும் சுமையையும் கவனிக்க வேண்டும்.

பழைய மோட்டார் வண்டிகளுக்கும் இச்சோதனைகள் பொருந்தும். நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறும் வண்டியில் விசிறியின் காற்றே குறைவு. விரைந்து ஓடும்போது மட்டும் சூடேறும் வண்டியில் றேடியேற்றரின் உள்ளடைப்பையும் கீழ்க்குழாயையும் முதலில் ஐயுற வேண்டும்.

6. வருமுன் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறுவதால் வன்னீராகும். கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவே எஞ்சினுள்ளும் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. ஆகவே, தூய மழை நீரையோ வடித்த நீரையோ, துருத்தடுப்பு மருந்து சேர்ந்த குளிர்விப்புத் திரவத்துடன் கலந்து பயன்படுத்த வேண்டும். எமது நாட்டு வயல்களில் நீர் உறைவதில்லையாயினும், துருவைத் தடுப்பதற்கு இத்திரவம் அவசியமாகும். அது நஞ்சாதலால், வடித்த திரவத்தைப் பிள்ளைகளும் கால்நடைகளும் அணுகும் இடத்தில் விடலாகாது. படிவை நீக்கக் கடுமையான அமிலங்களை ஊற்றினால் றேடியேற்றரின் பற்றாசு கரையும். அவ்வேலையை றேடியேற்றர் திருத்துவோரிடம் விடுதல் மேல்.

வேலை முடிந்ததும் எஞ்சினைச் சட்டென நிறுத்தாது, இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். காலையிற் தண்ணீர், எண்ணெய், பெல்ற், றேடியேற்றரின் முகம் என்னும் நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். உழவு நாளில் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடத் தயங்குபவர், பின்னர் ஒரு போகத்தையே இழக்க நேரலாம்.