பழுதுற்ற அமுக்கக் கலங்களும் பொறியியலாளரின் தீர்ப்பும்

நீராவிக் கொதிகலனும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த உருக்குக் கோபுரமும், இரசாயனத் தொழிற்சாலையின் உருளைக் கலமும் ஓரினத்தைச் சேர்ந்தவை. வளிமண்டல அமுக்கத்திலும் பன்மடங்கு மிக்க அமுக்கத்தைத் தம்முள் அடக்கி நிற்பதே அவற்றின் தொழில். புதிய கலமொன்றை அமைப்பதற்குத் தெளிவான விதிகள் உள. ஆயின், பல்லாண்டு உழைத்து, அரிப்புண்டு, ஓரிடத்திற் பிளவும் கண்டுவிட்ட கலத்தை என்செய்வது? அவ்வாறே இயக்கலாமா? அமுக்கத்தைக் குறைத்து இயக்கலாமா? செப்பனிடலாமா? அன்றி, முற்றாகத் தள்ளிவிடலாமா? இந்நான்கனுள் ஒன்றைத் தெரிவதே பொறியியலாளரின் கடமை. இவற்றுட் செப்பனிடுதலே எக்காலத்தும் பாதுகாப்பானது என்பது பொதுமக்கள் கருத்து. அக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கலத்தின் சுவர் அமுக்கத்தை எவ்வாறு தாங்குகின்றது என அறிதல் வேண்டும். உருளைக் கலமொன்றின் சுவரிற் சுற்றுத் திசையில் உண்டாகும் தகைப்பு, அமுக்கத்தை ஆரையாற் பெருக்கித் தடிப்பால் வகுக்க வருவது. நீளத் திசையில் உண்டாகும் தகைப்பு இதன் அரைவாசியே. ஆகவே, தடிப்புக் குறையுந்தோறும் தகைப்பு ஏறும். சீராக நிகழும் அரிப்பைக் கணித்தல் எளிது. 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவருக்குக் குறைந்தது 18 மில்லிமீற்றர் வேண்டுமெனவும், ஆண்டுதோறும் அரை மில்லிமீற்றர் அரிக்கப்படுகின்றதெனவும் கொள்வோம். அதன் எஞ்சிய ஆயுள் 14 ஆண்டுகள். எனினும், 14 ஆண்டுகள் வாளாவிருத்தல் தகாது. எஞ்சிய ஆயுளின் பாதிக்குள், அதுவும் பத்தாண்டுக்கு மேற்படாமல், மீண்டும் சோதித்தல் வேண்டுமென்பது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் விதி. இக்கலத்திற்கு அக்காலம் ஏழாண்டாகும்.

இனி, செப்பனிடுதலின் இயல்பை இரு நிகழ்ச்சிகளால் விளக்குவாம். 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், மெம்பிசு நகருக்கு அண்மையில், 'சுல்தானா' என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தன. 376 பேரை ஏற்றுதற்கே உரிமை பெற்ற அக்கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களுக்கு முன்னர், விக்சுபேக்குத் துறையில், அக்கொதிகலன்களுள் ஒன்றிற் புடைத்த தகட்டின்மீது ஒட்டொன்று வைக்கப்பட்டது. பழைய தகட்டின் தடிப்பு ஓர் அங்குலத்தின் 48இல் 17 பங்கு. புதிய ஒட்டின் தடிப்போ கால் அங்குலம், அதாவது 48இல் 12 பங்கு. சதுர அங்குலத்துக்கு 145 இறாத்தல் அமுக்கத்துக்கு உரிமை பெற்ற கொதிகலன், மேற்கூறிய விகிதப்படி ஏறக்குறைய 100 இறாத்தலுடன் நின்றிருத்தல் வேண்டும். எனினும், அதனிலும் மிக்க அமுக்கத்துடனேயே கப்பல் சென்றது. வெடித்தமைக்குச் சேற்று நீர், மிகைச்சுமை முதலாய வேறு காரணங்களும் கூறப்படுவதுண்டு. ஒட்டே காரணமென அறுதியிடுவதற்கில்லை. ஆயினும், செப்பனிட்ட கலம் பழைய கலமன்று என்பதும், அதற்குரிய அமுக்கத்தைப் புதிதாகக் கணித்தல் வேண்டுமென்பதும் இதனாற் பெறப்படும்.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. இலினோய் மாநிலத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையொன்றில், வாயுக்களினின்று ஐதரசன் சல்பைட்டை அகற்றும் உருக்குக் கோபுரமொன்று 1970இல் இயங்கத் தொடங்கியது. அரிப்பினாற் பிறக்கும் ஐதரசன் அணுக்கள் உருக்கினுள் ஊடுருவிக் கொப்புளங்களை உண்டாக்கின. ஆகவே, 1974இல் கோபுரத்தின் ஒரு வளையப் பகுதியை அகற்றி, அவ்விடத்திலேயே புதிய தகட்டை உருக்கி ஒட்டினர். ஒட்டிய பின்னர் வெப்பமூட்டிப் பதப்படுத்தவில்லை. அக்காலத்து விதி அத்தடிப்புக்கு அதனை வேண்டவுமில்லை. ஆனால், ஒட்டின் அருகில் உருக்கு விரைந்து குளிர்ந்து, மிகக் கடினமாகியது. கடின உருக்கோ ஐதரசனால் எளிதிற் பிளவுறுவது. பத்தாண்டுகளாக அங்கே பிளவொன்று கண்ணுக்குப் புலனாகாது வளர்ந்தது. 1984ஆம் ஆண்டு யூலை 23ஆந் தேதி கோபுரம் முறிந்து, தீப்பற்றி, 17 பேர் உயிரிழந்தனர். மேற்பகுதி ஏறக்குறைய ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விழுந்தது.

இக்கோபுரத்தின் ஆரை ஏறக்குறைய 1300 மில்லிமீற்றர், தடிப்பு 25 மில்லிமீற்றர், அமுக்கம் சதுர மில்லிமீற்றருக்கு 1.4 நியூற்றன். மேற்கூறிய சூத்திரத்தின்படி சுற்றுத் திசைத் தகைப்பு ஏறக்குறைய 73 நியூற்றன். பிளவோ கோபுரத்தைச் சுற்றிக் கிடையாகச் சென்றமையால், அதனைத் திறந்தது நீளத் திசைத் தகைப்பே. அஃது ஏறக்குறைய 36 நியூற்றன். அவ்வுருக்கின் இழுவை வலிமை 485 நியூற்றனுக்குக் குறையாதது. பதின்மூன்றில் ஒரு பங்குத் தகைப்பில் அது முறிந்தது எங்ஙனம்?

விடை பிளவின் இயல்பிலேயே உள்ளது. பிளவுற்ற பொருளின் வலிமையைப் பிளவின் நீளத்தோடு இணைத்துக் காண வேண்டுமெனக் கிரிபித்து என்பார் 1921இல் வெளியிட்ட ஆய்வினாற் காட்டினார். 1957இல் இர்வின் என்பார் பிளவின் நுனியை நெருங்கத் தகைப்பு எவ்வாறு ஓங்குகின்றது என்பதைக் கணித வடிவில் அமைத்தார். அதன்படி, பிளவின் அளவு, தகைப்பு, உருக்கின் முறிவெதிர்ப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கல் வேண்டும். ஐதரசன் முறிவெதிர்ப்பைக் குறைத்துவிட, பிளவும் சுவர்த்தடிப்பின் பெரும்பகுதியை ஊடறுத்துவிட்டமையால், சிறிய தகைப்பே போதுமானதாயிற்று.

இத்தகைய அறிவை ஒழுங்குபடுத்தி, பழுதுற்ற கலங்கள் பணிக்குத் தகுமா எனத் துணிவதற்கான நெறிநூலொன்றை மேற்கூறிய பெற்றோலிய நிறுவகம் 2000இல் வெளியிட்டது. 2007இல் அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் சங்கமும் சேர்ந்து அதனைத் திருத்தி வெளியிட்டது. எளிய அட்டவணை முதல் நுண்ணிய கணினிக் கணக்கு வரை மூன்று படிகளில் அது மதிப்பீட்டை வகுக்கின்றது. எனினும், அவற்றுக்கெல்லாம் முன்னதாக அது வேண்டுவது, பழுது எதனால் விளைந்தது என்னும் வினாவுக்கு விடையாகும். சீரான அரிப்பாயின் கணக்கு எளிது. ஐதரசனாயின், பழுதை மட்டும் நீக்குவது நோயை விட்டுப் புண்ணை மூடுவதை ஒக்கும். ஒட்டுதலால் உருக்குக் கடினமாகுமாயின், அளவறிந்த சிறு பிளவொன்றை உரிய கண்காணிப்புடன் விட்டுவைப்பதே ஓரோவழி மேலானதாகும்.

இதனால் செப்பனிடுதல் வேண்டாவென்பது கருத்தன்று. செப்பனிடுதலும் ஒரு மாற்றமே. அம்மாற்றத்தால் உண்டாகும் புதிய தீங்கையும் பழைய தீங்கோடு வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பழுதைக் கண்டவுடன் ஒட்டுப் போடுவது கைவினை. பழுதின் காரணத்தை ஆராய்ந்து, இயக்குவதோ, அமுக்கத்தைக் குறைப்பதோ, செப்பனிடுவதோ, தள்ளுவதோ எனத் துணிவது பொறியியல். நாளைய பொறியியலாளராக விளங்கவிருக்கும் மாணவர், சூத்திரங்களைக் கற்பதோடு அமையாது, இவ்வாராய்ச்சி மனப்பான்மையையும் இப்பொழுதே பயிலுதல் நலமாகும்.