பழங்கதையில் கைவைக்கலாமா?

கணினி விளையாட்டுகளின் மாய உலகைத் தம் விருப்பம்போல் திருத்தியமைக்கும் இளைஞர், அதன் மூலக்கதையை மீறலாமா என்று வாதிடுகின்றனர். நம் கூத்துக்கு இது பழைய வழக்கு.

வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கினான். கம்பனின் இராவணனோ பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான். தமிழர் முகஞ்சுளித்தாரல்லர். அளவெட்டிக்கு அயலான தெல்லிப்பழையிற் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘இராவணேசன்’ கூத்தை மேடையேற்றினார். அங்கே இராவணன் வெறும் அரக்கனல்லன். தன் மானத்தாலும் செருக்காலும் அழியும் வீரன். எனினும் அவன் வெல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வை மாறிற்று, கதையின் முதுகெலும்பு மாறவில்லை. இவ்வளவு உரிமை போதுமென்பது என் துணிபு.

அளவெட்டித் திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்க்கும் முதியவர், இராவணனுக்காகக் கண்ணீரும் விடுவர். அவன் இராமனை வென்றுவிட்டாலோ, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவர்.