பந்தியில் பரிமாறும் செயற்கைக்கோள்கள்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாம்பார் வாளிக்காரர் வருகிறார், ஒரு கரண்டி ஊற்றுகிறார், அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். அவர் போனால் என்ன? பின்னாலேயே இன்னொருவர் வருகிறார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி இருக்க, பரிமாறுகிறவர்தான் நடக்கிறார். செயற்கைக்கோள்கள் வழியாக ஸ்டார்லிங்க் தரும் இணையமும் இந்தப் பந்திக் கணக்குதான்.

எட்டாத் தொலைவில் வாளி

வீட்டு மாடியில் உள்ள டிவி டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கு அது ஒன்றே போதும். ஆனால் இணையத்தில் நாம் கேட்க வேண்டும், அது தர வேண்டும். கேள்வி மேலே ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கி வருவதற்குள், ஒளியின் வேகத்தில் போனாலும், அரை வினாடி ஆகிவிடும். சினிமா பார்க்கலாம், வீடியோ காலில் பேசினால் ஒருவர் பேச்சை ஒருவர் மிதிப்பார்கள்.

ஆகவே வாளியைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2019 மே மாதம் ஸ்டார்லிங்கின் 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்டன. உயரம் சுமார் 550 கி.மீ.தான்.

நிற்க முடியாத வாளிக்காரர்

கிட்டே வந்தால் ஓடியே ஆகவேண்டும். மணிக்குச் சுமார் 27,000 கி.மீ. வேகம் இல்லையென்றால் விழுந்துவிடும். சுமார் 95 நிமிடத்தில் உலகை ஒரு சுற்று. உங்கள் தலைக்கு மேலே சில நிமிடங்கள்தான். ஆளில்லாத இலைகளைத் தாண்டவும் வழியில்லை. கடல், பாலைவனம் எல்லாவற்றின் மேலும் போய்த்தான் தீரவேண்டும். ஆயிரக்கணக்கில் ஏவுவது இதனால்தான். எந்த வாளி எந்த இலைக்கு என்பது 15 வினாடிக்கு ஒருமுறை புதிதாக முடிவாகிறது.

தாம்பாளத்தில் நான்கு விரல்

ஓடுகிற செயற்கைக்கோளை மாடியில் அசையாமல் கிடக்கும் ஸ்டார்லிங்க் தட்டு எப்படிப் பின்தொடர்கிறது? அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நான்கு விரல்களால் ஒரே நேரத்தில் தொடுங்கள். அலை நேராக முன்னே போகும். இப்போது சுண்டுவிரலை முதலில் வைத்து, மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கண நேரம் தாமதித்து வையுங்கள். கை நகரவில்லை, ஆனால் அலை ஆள்காட்டி விரல் பக்கமாகச் சாயும். தட்டுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள் இந்த வித்தையைத்தான் செய்கின்றன. தாமதத்தை மாற்றினால் கதிரின் திசை மாறும்.

வாளியிலிருந்து வாளிக்கு

செயற்கைக்கோள் எதையும் சமைப்பதில்லை. சமையற்கட்டு தரையில் இருக்கிறது. ஃபைபர் கேபிளோடு இணைந்த தரைநிலையத்திலிருந்துதான் வாளி நிரம்புகிறது. நடுக்கடலில் தரைநிலையம் ஏது? அங்கே ஒரு செயற்கைக்கோள் அடுத்ததற்கு லேசர் ஒளியில் தள்ளிவிடும். கண்ணாடி இழைக்குள் போவதைவிட வெற்றிடத்தில் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாகப் போகும் என்பது கூடுதல் லாபம்.

இலை எடுக்கவும் ஆள் வேண்டும்

பந்தி முடிந்தால் இலை எடுக்க வேண்டும். 550 கி.மீ.யில் மெல்லிய காற்று உண்டு. பழுதானவையும் சில ஆண்டுகளில் இழுபட்டு விழுந்து எரிந்துவிடும். 1,200 கி.மீ.யில் சுற்றும் ஒன்வெப் என்ற இன்னொரு இணையச் சேவையின் செயற்கைக்கோள்களுக்கு அந்த வசதி இல்லை. தாமாக விழப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதால் எரிபொருள் மிச்சம் வைத்து இறக்க வேண்டும். அதே காற்று கெடுதலும் செய்யும். 2022 பிப்ரவரியில் சூரியப் புயலால் வளிமண்டலம் உப்பியது. சுமார் 210 கி.மீ. உயரத்தில் அப்போதுதான் விடப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க்களில் ஏறத்தாழ 40 மேலே ஏற முடியாமல் வீணாயின.

கடைசியாக ஒன்று. வாளியின் அளவு மாறாது. பத்து இலை இருந்தால் தாராளமாக ஊற்றலாம். ஆயிரம் இலை நெருக்கி உட்கார்ந்தால் ஆளுக்குச் சொட்டுதான். ஆகவே தெருவில் ஃபைபர் வந்துவிட்ட நகரவாசிக்கு இது தேவையில்லை. கப்பலுக்கும் மலைக்கிராமத்துக்கும் புயலில் கம்பி அறுந்த ஊருக்கும் போடப்பட்ட பந்தி இது.