ஸ்போர்ட்ஸ் காரில் 'ஊம்ம்...' இரைச்சல்: டயர் சொல்லும் எச்சரிக்கை என்ன?

60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் காருக்குள் 'ஊம்ம்...' என்று ஓர் இரைச்சல். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாலும் அடங்காது. 'பேரிங் போயிடுச்சோ?' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், பல நேரங்களில் காரணம் ஒருபக்கமாகத் தேய்ந்த டயர்தான்.

அமெரிக்காவில் 2003 மாடலாக வந்த நிஸான் 350இஸட் ஸ்போர்ட்ஸ் காரில் இதே பிரச்னை பெரிதாகப் பேசப்பட்டது. முன்பக்க டயர்கள் சீரில்லாமல் தேய்ந்து சத்தம் போடுவதாகப் புகார்கள் வர, சர்வீஸ் மையங்களுக்கு நிஸான் தனி வழிகாட்டுதலே அனுப்ப வேண்டியிருந்தது.

ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் ஏன் அதிகம்?

வளைவில் நல்ல பிடிமானம் கிடைக்க, இந்த கார்களில் சக்கரத்தின் மேல்பகுதி லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். இதனால் நேரான சாலையில் டயரின் உள் ஓரம் அதிக சுமை தாங்கும். ரப்பரும் மென்மையானது என்பதால் சீக்கிரம் தேயும்.

ஆனால் பெரிய வில்லன் 'டோ'. நாம் நிற்கும்போது பாதங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது போல, சக்கரங்கள் திரும்பியிருக்கும் கோணம் இது. ஒரு சக்கரம் வெறும் 0.1 டிகிரி விலகினாலே, கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 17.5 கி.மீ.!

கையால் தடவிப் பாருங்க

காரை நிறுத்தி, டயர் சூடு ஆறியதும், அதன் மேற்பரப்பை உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும், எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ சரியில்லை. அந்தப் பற்கள் சாலையில் மோதுவதுதான் இரைச்சல்.

மற்ற அடையாளங்கள்:

• உள் ஓரம் மட்டும் தேய்ந்தால்: கேம்பர் அல்லது டோ பிரச்னை
• இரண்டு ஓரங்களும் தேய்ந்தால்: காற்று குறைவு
• நடுவில் மட்டும் தேய்ந்தால்: காற்று அதிகம்
• ஆங்காங்கே குழி விழுந்தால்: ஷாக் அப்சார்பர் அல்லது வீல் பேலன்ஸ் பிரச்னை

டயரா, பேரிங்கா?

தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயராக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் பேரிங் மீது சந்தேகப்படலாம். உறுதிசெய்ய மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

தடுப்பது எப்படி?

• மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன்பே காற்றழுத்தம் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும்.
• அலைன்மென்ட்டை நான்கு சக்கரங்களுக்கும் செய்யச் சொல்லுங்கள். செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரின்ட் கேட்டு வாங்குங்கள்.
• பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, ஸ்பிரிங் மாற்றி காரைத் தாழ்த்தினாலோ உடனே அலைன்மென்ட் பாருங்கள்.
• நான்கும் ஒரே சைஸ் என்றால் 8,000 - 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றலாம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலமாக இருக்கும். அவற்றை முன்னுக்குக் கொண்டுவர முடியாது. அப்படிப்பட்ட கார்களுக்கு அலைன்மென்ட் இன்னும் முக்கியம்.

ஒரு விஷயம்: ஏற்கெனவே ரம்பம் போலத் தேய்ந்த டயர், அலைன்மென்ட் செய்த அன்றே அமைதியாகிவிடாது. 'வேலை சரியில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம். லேசான தேய்மானம் என்றால் ஓட ஓடக் குறையலாம். அதிகமென்றால் டயரைத்தான் மாற்ற வேண்டும். அதேபோல, அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் மட்டும் போட்டால், அதுவும் அப்படியே தேயும். பணம் வீண்!

சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போல இருக்கும் டயரின் உள் ஓரம், கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கலாம். மழையில் பிடிமானம் போகும். வேகத்தில் வெடிக்கவும் செய்யும். சட்டப்படி பெரும்பாலான கார் டயர்களுக்குக் குறைந்தபட்ச பள்ளம் 1.6 மி.மீ. அதை உள் ஓரத்திலும் அளந்து பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயரின் உள்பக்கம் தெரியும். பின் டயருக்கு, அடுத்த சர்வீஸில் கார் லிஃப்டில் ஏறும்போது ஒரு பார்வை போதும்.