உறங்காக் கண்ணும் அதற்கொரு காவலும்

வீட்டைக் காத்தல் என்பது வீடு தோன்றிய காலந்தொட்டே மனிதனுடன் வந்த கவலையாகும். வேலி அடைத்தான், படலைக்குப் பூட்டிட்டான், நாய் வளர்த்தான், வெளியூர் செல்ல நேர்ந்தால், “வீட்டை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ” என்று அயலவரிடம் சொல்லிச் சென்றான். இன்றோ அந்தக் கண்ணையே விலைக்கு வாங்கிக் கூரையடியிற் பொருத்தும் காலம் வந்துவிட்டது. பட்டினத்தில் மட்டுமன்றிக் கிராமத்து வீடுகளிலும் காவற் கமராக்களைக் காண்கின்றோம். பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதிய பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்களில் இதன் தேவை இன்னும் பெரிதாகும்.

ஆயினும், கமராவை வாங்கிச் சுவரிற் பொருத்தியவுடன் காவல் நிறைவுற்றதென்று நம்மவருட் பலர் எண்ணிவிடுகின்றனர். களவு நிகழ்ந்த பின்னர் பதிவைத் தேடும்போதுதான், வன்தட்டு நிறைந்து பல நாள்களுக்கு முன்னரே பதிவு நின்றுபோன செய்தி தெரியவருகின்றது. கமரா காண்பதோடு சரி. கண்டதைத் தெரிந்தெடுத்துச் சேமித்து, வேண்டியபோது எடுத்துத் தருவது மென்பொருளின் பணி. அம்மென்பொருளை முறையாக அமைத்து, இடையிடையே சோதித்து வருவோருக்கே இக்காவல் பயன்தரும். அஃது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒரு தாதியின் சிந்தனை

வீட்டுக் காவலுக்குக் கமராவைப் பயன்படுத்தும் எண்ணத்திற்கு வடிவங் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி என்பது பலர் அறியாத செய்தி. நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌண் ஒரு மருத்துவத் தாதி. அவரும் அவருடைய கணவர் அல்பேர்ட்டும் வேறு வேறு நேரங்களில் வேலைக்குச் செல்பவர்கள். இரவில் தனித்திருக்கும்போது கதவைத் தட்டுபவர் யாரென்று கதவருகே செல்லாமல் அறிய வழியில்லையா என்னும் அச்சமே இவரது கண்டுபிடிப்பிற்கு வித்தாயிற்று. கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துவாரங்கள்; அவற்றினூடே பார்க்க மேலும் கீழும் நகரும் கமரா; படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை; வந்தவருடன் பேச ஒலிவாங்கி; இருந்த இடத்திலிருந்தே கதவின் பூட்டைத் திறக்கவும் ஆபத்தென்று அறிவிக்கவும் பொத்தான்கள். இவ்வமைப்பிற்கு 1966ஆம் ஆண்டில் விண்ணப்பித்த அத்தம்பதியர், 1969ஆம் ஆண்டு டிசெம்பரிற் காப்புரிமம் பெற்றனர்.

அவர்களது அமைப்பில் திரையைப் பார்க்க மனிதர் ஒருவர் இருத்தல் வேண்டும். வீட்டில் எவரும் இல்லாத வேளையிலும், எல்லாரும் உறங்கும் வேளையிலும் பார்த்திருக்கும் பொறுப்பைத்தான் இன்று கணினி ஏற்றுக்கொண்டுள்ளது.

மூன்று அங்கங்கள்

இன்றைய காவலமைப்பிற்கு மூன்று அங்கங்கள் உள. முதலாவது கமரா. இரண்டாவது, கமராவையும் கணினியையும் இணைக்கும் வீட்டு வலையமைப்பு. இதன் நடுவில் ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி இருக்கும். மூன்றாவது, படங்களைப் பெற்றுச் சேமிக்கும் மென்பொருள். கடையில் விற்கும் பதிவுப் பெட்டிகளுள் இம்மென்பொருள் அடங்கியே வருகின்றது. பழைய கணினி ஒன்று வீட்டிற் கிடக்குமாயின், லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் சோன்மைண்டர், ஃபிரிகேற் முதலிய மென்பொருள்களைச் செலவின்றிப் பெற்று நிறுவிக்கொள்ளலாம்.

கமராவைக் கம்பியில்லா முறையில் இணைத்தல் எளிது. ஆனால் தடித்த சுவர்களும் தூரமும் அலையை மெலியச் செய்யும். இயன்றவிடத்துக் கம்பி இழுத்தலே நன்று. வலையமைப்புக் கம்பி ஒன்றை 100 மீற்றர் வரை இழுக்கலாம். அதற்கெனச் செய்த கமராவாயின், அதே கம்பி வழியே மின்சாரத்தையும் கொடுக்க முடியும்.

மென்பொருள் கமராவைக் கண்டறிவதற்கு இருவரும் ஒரு மொழி பேசுதல் வேண்டும். இதற்காகவே 2008ஆம் ஆண்டில் அக்சிஸ், பொஷ், சொனி ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி ஒன்விஃப் என்னும் பொது நெறியை உருவாக்கின. கமரா வாங்குமுன் அது இந்நெறிக்கு அமைந்ததா என்று கேட்டறிதல் வேண்டும். இல்லையேல், அந்தக் கமராவைச் செய்தவரின் செயலியை அன்றி வேறெதனையும் அதனுடன் இணைக்க முடியாமற் போகலாம்.

பெரும்பாலான கமராக்கள் இரண்டு படவோட்டங்களைத் தருகின்றன. ஒன்று தெளிவு மிக்கது. மற்றது தெளிவு குறைந்தது. பதிவுக்குத் தெளிவு மிக்கதையும், அசைவைக் கண்டறியத் தெளிவு குறைந்ததையும் பயன்படுத்துதல் முறை. இரண்டுக்கும் பெரிய படத்தையே கொடுத்தால், கணினி திணறிப் படங்களைத் தவறவிடும். “கணினி சூடாகின்றது, படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு வருகின்றது” என்னும் முறைப்பாட்டிற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை எளிய கணிதத்தால் அறியலாம். ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிற்று அனுப்புகின்றதெனக் கொள்வோம். எட்டுப் பிற்றுக்கள் ஒரு பைற்று ஆதலின், அது செக்கனுக்கு 0.25 மெகாபைற்று. ஒரு நாளில் 86,400 செக்கன்கள். எனவே நாளொன்றுக்கு 21,600 மெகாபைற்று, அதாவது 21.6 கிகாபைற்று. நான்கு கமராக்களுக்கு 86.4 கிகாபைற்று. ஒரு டெராபைற்று, அதாவது 1,000 கிகாபைற்று கொள்ளும் வன்தட்டு பதினொன்றரை நாளில் நிறைந்துவிடும்.

நிறைந்தபின் என்ன நிகழும் என்பதே முக்கியமான வினா. பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிட்டிருத்தல் வேண்டும். அன்றேல் பன்னிரண்டாம் நாள் பதிவு நின்றுவிடும். கமராவின் சிறு விளக்கோ எப்போதும்போல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஒரு மாதம் ஊரில் இல்லாதிருப்போர் அதற்கேற்பப் பெரிய வன்தட்டை வாங்க வேண்டும்; அல்லது அசைவு காணும்போது மட்டும் பதியுமாறு அமைக்க வேண்டும்.

ஓலை அசைந்தாலும் எச்சரிக்கை

அசைவை மென்பொருள் எவ்வாறு அறிகின்றது? ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மாறிய புள்ளிகளின் தொகை குறித்த எல்லையைக் கடந்தால் அசைவு என முடிவு செய்கின்றது. அதற்குத் திருடனும் ஒன்றே. காற்றில் ஆடும் தென்னோலையும் ஒன்றே. ஆதலினாற்றான் கமரா வைத்த முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் கைத்தொலைபேசிக்கு வந்து குவிகின்றன. வீட்டார் சலிப்புற்று எச்சரிக்கையை நிறுத்திவிடுகின்றனர். நரி வருகின்றதென்று பலமுறை பொய்யாகக் கூவிய இடையனின் கதையை இது நினைவூட்டுகின்றது.

இதற்குப் பரிகாரம் மூன்று. மரமும் வீதியும் தெரியும் பகுதிகளை மென்பொருளில் மறைத்து, படலை, வாயில், கிணற்றடி ஆகிய இடங்களை மட்டும் கவனிக்கச் செய்தல் ஒன்று. எல்லையைக் கீழும் மேலும் வகுத்தல் மற்றொன்று: மிகச் சிறிய மாற்றம் பூச்சியாயிருக்கலாம், படம் முழுவதும் ஒரே கணத்தில் மாறினால் அது முகிலோ வாகன விளக்கோ ஆதல் கூடும். மூன்றாவது, மனிதரையும் வாகனத்தையும் விலங்கையும் வேறுபடுத்தி அறியும் ஃபிரிகேற் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தல். அசைவு தொடங்குவதற்கு முந்திய சில செக்கன்களையும் சேர்த்துப் பதியும் வசதியை இயக்கி வைத்தல் இவை யாவற்றிலும் பயனுள்ளது. இல்லாவிடில் வந்தவனின் முகம் தப்பி, முதுகு மட்டும் அகப்படும்.

இரவில் வரும் தொல்லைகள் வேறு. கமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடிச் சன்னலிற் பட்டுத் திரும்பினால், படம் வெண்புகைபோலத் தோன்றும். கமராவைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தல் வேண்டும். அவ்வொளியை நாடிப் பூச்சிகளும், பூச்சிகளை நாடிச் சிலந்தியும் வரும். சிலந்தி நூல் ஒன்று காற்றில் ஆடினால் அதுவே இரவு முழுவதும் எச்சரிக்கை எழுப்பப் போதுமானது. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டா. மாதமொருமுறை மெல்லிய துணியால் துடைத்தால் அமையும்.

படம் வராதபோது

திரை இருண்டுவிட்டால் பதற்றமின்றி ஒழுங்குமுறையில் ஆராய்தல் வேண்டும். முதலில் மின்சாரம், அடுத்துக் கம்பியும் அதன் முனையும், பின்னர் கமராவின் முகவரி, அதன்பின் கடவுச்சொல், இறுதியிலேயே மென்பொருள். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மென்பொருளை அழித்து மீள நிறுவி வீண் சிரமப்படுகின்றனர்.

நேற்றுவரை நன்கு காட்டிய கமரா மின்தடைக்குப் பின் காட்டாதிருப்பின், முகவரியையே சந்தேகிக்க வேண்டும். வழிப்படுத்தி மீண்டும் உயிர்பெறும்போது ஒவ்வொரு கருவிக்கும் புதிதாக எண் முகவரி வழங்கக்கூடும். மென்பொருளோ பழைய முகவரிக்கே சென்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். கமராவுக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்குமாறு வழிப்படுத்தியில் ஒருமுறை எழுதிவிட்டால் இத்தொல்லை ஒழியும். முகவரி சரியாயிருந்தும் படம் வராவிடில், படச்சுருக்க முறையைப் பார்க்க வேண்டும். எச்.265 என்னும் புதிய முறையைப் பழைய கணினிகள் சில விரித்துக் காட்டமாட்டா, எச்.264 முறைக்கு மாற்றினாற் காட்டும்.

கடிகாரத்தையும் மறத்தலாகாது. மின்தடைக்குப் பின் சில கமராக்களின் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். வேறு சில கிறீன்விச் நேரத்தைக் காட்டும். அது இலங்கை நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் பிந்தியது. செவ்வாய் அதிகாலை 2 மணிக்குப் புகுந்த கள்வன், திங்கள் இரவு 8.30க்கு வந்ததாகப் பதிவு சொல்லும். அத்தகைய சாட்சி மன்றில் எத்துணைப் பயன்படும்? இணையவழி நேரம் திருத்தும் வசதியை இயக்கி, கொழும்பு நேரத்தைத் தெரிவு செய்தல் வேண்டும்.

கமராவே கள்வனாகும் விதம்

2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி அமெரிக்காவில் ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் பல மணிநேரம் முடங்கின. இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்னும் நிறுவனத்தின்மேல் எண்ணிறந்த கருவிகள் ஒரே வேளையில் வேண்டுகோள்களைக் குவித்ததே காரணம். அக்கருவிகளுட் பெருந்தொகையானவை வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கமராக்களும் பதிவுப் பெட்டிகளுமாம். ‘மிராய்’ என்னும் தீய நிரல் அவற்றுட் புகுந்தது பெரிய வித்தையால் அன்று. தொழிற்சாலையில் இட்ட 60இற்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளை அது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது; உரிமையாளர் மாற்றாத இடமெல்லாம் கதவு திறந்தது.

எனவே, பெட்டியைத் திறந்தவுடன் செய்யவேண்டிய முதற் செயல் கடவுச்சொல்லை மாற்றுதல். உற்பத்தியாளர் வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றிக்கொள்ளுதல் அடுத்தது. வெளிநாட்டிலிருந்து வீட்டைப் பார்க்க வேண்டுமாயின், கமராவின் வாயிலை இணையத்திற்கு நேரே திறந்துவிடாது, வீ.பி.என். எனப்படும் மறைவழி மூலம் பார்ப்பதே பாதுகாப்பு. பதிவுக் கணினியை எளிதிற் காணமுடியாத இடத்தில் வைப்பதும் வேண்டும். அதனையே திருடன் தூக்கிச் சென்றால் பதிவால் யாது பயன்?

அயலவர் வாயில்

இறுதியாக ஒன்று. செக் குடியரசிற் குடிமகன் ஒருவரின் வீட்டுச் சன்னல்கள் பலமுறை உடைக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவர் கூரையடியில் ஒரு கமராவை வைத்தார். அது அவர் வாயிலையும், வீதியையும், எதிர்வீட்டு வாயிலையும் ஒருங்கே பதிந்தது. சில நாள்களுள் கவண் கொண்டு மீண்டும் சன்னல் உடைக்கப்பட, பதிவின் துணையால் இருவர் மீது சந்தேகம் விழுந்தது. அவர்களுள் ஒருவர் கமராவின் சட்டத்தகைமையையே வினாவினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. பொது வீதியைப் பதியும் கமராவைத் தனி வீட்டுக் காரியம் என்று விலக்கிவிட முடியாதென 2014ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி அம்மன்று தீர்ப்பளித்தது. உயிரையும் உடைமையையும் காக்கும் நியாயமான நோக்கைக் கருத்திற் கொள்ளலாம் என்பதையும் அது உடன் கூறிற்று.

நமக்கும் இதிற் பாடம் உண்டு. எமது படலையைப் பார்க்கும் கண் அயலவரின் கிணற்றடியைப் பார்த்தல் தகாது. கமராவைச் சற்றுச் சரித்தோ, மென்பொருளில் அப்பகுதியை மறைத்தோ இதனைத் தவிர்க்கலாம். வீட்டினுள் கமரா வைப்பதாயின், அங்கு வாழும் முதியோருக்கும் பணிபுரிவோருக்கும் சொல்லி அவர்தம் சம்மதம் பெற்றே வைத்தல் பண்பு. பெற்றோர்மீது கொண்ட அன்பினால் வைத்த கண், அவர்கள் மனங்கூசி நடமாடச் செய்யுமானால் அவ்வன்பு பழுதுபடும்.

மாதத்தில் ஒருநாள், முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், பதிவைத் திறந்து கடந்த வாரத்தின் ஓர் இரவைத் தேடிப் பாருங்கள். படம் உண்டா, நேரம் சரியா, முகம் தெரிகின்றதா என மூன்றை மட்டும் நோக்குங்கள். வீட்டிலுள்ள மாணவர் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால், அவருக்கு அது நல்ல பயிற்சியுமாகும். இதற்குச் செலவாவது பத்து நிமிடமே. ஆபத்து நேர்ந்த நாளில் அந்தப் பத்து நிமிடத்தின் பெறுமதி விளங்கும்.